மூக்கை நம்பி அம்மோனியா ஓட்ட முடியாது: குளிர்பதனக் கிடங்கு நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

குளிர்பதனக் கிடங்குகளையும் ஐஸ் ஆலைகளையும் நடத்தும் உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும்,

அம்மோனியா கம்ப்ரசர் அறையில் 22 ஆண்டுகளாக ஆபரேட்டராக இருப்பவன் எழுதுகிறேன். சென்ற மாதம் எங்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட ஒரு சுற்றறிக்கைதான் இதை எழுத வைத்தது. அதில் இரண்டு முடிவுகள் இருந்தன. இரவு ஷிப்டில் இனி இருவருக்குப் பதிலாக ஓர் ஆபரேட்டரே இருப்பார் என்பது ஒன்று. கம்ப்ரசர் அறையிலும் குளிர் அறைகளிலும் உள்ள கேஸ் டிடெக்டர்களை ஆண்டுக்கு இருமுறை சரிபார்த்துத் தரும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்பது மற்றொன்று. காரணம் கேட்டபோது, "அம்மோனியா கசிந்தால் மூக்கே சொல்லிவிடும், அதற்குத் தனியாக ஒரு கருவி எதற்கு?" என்று பதில் வந்தது. வேறு கிடங்குகளில் வேலை செய்யும் நண்பர்களிடம் விசாரித்தேன். ஏறக்குறைய இதே பதில்தான் அவர்களுக்கும் தங்கள் நிர்வாகத்திடமிருந்து வந்திருக்கிறது. அதனால்தான் எங்கள் நிர்வாகத்துக்கு மட்டும் எழுதாமல், இந்தத் தொழிலை நடத்தும் உங்கள் அனைவருக்கும் எழுதுகிறேன்.

அம்மோனியாவை விட்டுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. குளிர்பதனத்துக்கு இதைவிடச் சிறந்த பொருள் கிடைப்பது அரிது என்று உறுதியாக நம்புகிறவன் நான். 1870களில் கார்ல் வான் லிண்டே கட்டிய இயந்திரங்களிலிருந்து இன்றுவரை இது கைவிடப்படாமல் இருப்பதற்குத் தக்க காரணம் உண்டு. மைனஸ் 33 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் இந்தத் திரவம், ஒரு கிலோ ஆவியாகும்போது ஏறத்தாழ 1,370 கிலோஜூல் வெப்பத்தைத் தன்னைச் சுற்றி இருப்பவற்றிலிருந்து இழுத்துக்கொள்கிறது. அதன் அருகே வரக்கூடிய செயற்கைக் குளிரூட்டி வாயு எதுவும் இல்லை. ஓசோன் படலத்தை இது அரிப்பதில்லை, புவி வெப்பத்தையும் கூட்டுவதில்லை. 1987இன் மாண்ட்ரியல் உடன்படிக்கையாலும் 2016இன் கிகாலித் திருத்தத்தாலும் பல செயற்கைக் குளிரூட்டிகள் படிப்படியாக விலக்கப்பட்டுவரும் நிலையில், அம்மோனியாவின் பயன்பாடு இனி கூடவே செய்யும். உலகில் தயாராகும் அம்மோனியாவில் பெரும்பகுதி உரத்துக்குத்தான் போகிறது, குளிர்பதனத்துக்கு வருவது மிகச் சிறிய பங்கு. ஆனால் அந்தச் சிறிய பங்குதான் ஊழியர்கள் நடமாடும் கட்டடத்துக்குள், அழுத்தத்தில், பல நூறு மீட்டர் குழாய்களில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மூக்கு சொல்லிவிடும் என்ற வாதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதிதான் ஆபத்து. பத்து லட்சம் பங்கு காற்றில் ஐந்து பங்கு அம்மோனியா இருந்தாலே, அதாவது 5 பிபிஎம் அளவிலேயே, பலருக்கு வாடை தெரிந்துவிடும். வேறு சிலருக்கு 50 வரை ஏறினால்தான் தெரியும். இந்த வேறுபாட்டைவிட முக்கியமானது, தொடர்ந்து முகரும் மூக்கு சீக்கிரமே பழகிப்போகிறது என்பது. முதல் பத்து நிமிடம் உறுத்தும் வாடை, ஒரு மணி நேரம் கழித்து இருப்பதே தெரியாது. பத்து ஆண்டுகள் அதே அறையில் நின்றவனுடைய மூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகலில், உதிரிப் பாகங்களை இறக்க வந்த லாரி ஓட்டுநர் கையெழுத்து வாங்குவதற்காகக் கம்ப்ரசர் அறைக்குள் வந்தார். வாசலைத் தாண்டி நான்கு அடி வைத்திருப்பார், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருமியபடியே வெளியே ஓடிவிட்டார். நானும் என்னுடன் இருந்தவரும் காலையிலிருந்து அதே அறையில்தான் இருந்தோம். எங்கள் இருவருக்கும் வாடை தெரியவில்லை. அலுவலகத்திலிருந்து கைமீட்டரை எடுத்துவந்து பார்த்தபோது 62 பிபிஎம் காட்டியது. எட்டு மணி நேர வேலைக்குப் பரிந்துரைக்கப்படும் வரம்பு 25, பதினைந்து நிமிடத்துக்கு மேல் தாங்கக் கூடாத அளவு 35. எக்ஸாஸ்ட் ஃபேன்களைப் போட்டு அளவைக் குறைத்த பிறகு, கந்தகக் குச்சியைப் பற்றவைத்து ஒவ்வோர் இணைப்பாகக் காட்டிக்கொண்டு போனோம். இரண்டாவது கம்ப்ரசரின் ஷாஃப்ட் சீல் (சுழலும் தண்டைச் சுற்றி வாயு கசியாமல் தடுக்கும் அடைப்பு) அருகே வந்ததும் மெல்லிய புகை சட்டென்று பாலைப்போல வெளுத்துத் திரண்டது. கசிவு அங்கேதான். இவ்வளவுக்கும், அந்தக் கம்ப்ரசருக்கு நேர் எதிர்ச் சுவரில் ஒரு டிடெக்டர் இருந்தது. ஒன்றரை ஆண்டுகளாக யாரும் சரிபார்க்காததால் அது 11 என்று காட்டிக்கொண்டு சும்மா இருந்தது.

அந்த நாளுக்குப் பிறகுதான் சரிபார்க்கும் ஒப்பந்தமே போடப்பட்டது. இப்போது நீங்கள் நிறுத்தப்போவது அதைத்தான். டிடெக்டருக்குள் இருக்கும் உணர்வுச் செல் வேதிவினையால் வேலை செய்வது. நாள் செல்லச் செல்ல அது தேயும், காட்டும் எண் நகரும். அளவு தெரிந்த வாயுவைக் காட்டிச் சரிபார்க்காத டிடெக்டர், டிடெக்டரே இல்லாத சுவரைவிடக் கெடுதலானது. வெறும் சுவராக இருந்தால் நாங்களாவது சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்திருப்போம்.

இனி அளவுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கசிவு என்றால் ஏதோ பெரிய டாங்க் வெடிப்பது என்ற எண்ணம் அலுவலக அறைகளில் இருப்பதைப் பல கூட்டங்களில் கண்டிருக்கிறேன். ஒரு லிட்டர் திரவ அம்மோனியா ஆவியானால் சுமார் 850 லிட்டர் வாயுவாகும். பத்து மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் உயரம் உள்ள ஒரு கம்ப்ரசர் அறையில் ஐந்து லட்சம் லிட்டர் காற்று இருக்கும். அதில் ஒரே ஒரு லிட்டர் திரவம் சிந்தி முழுவதும் ஆவியாகி அறை எங்கும் கலந்தால் 1,700 பிபிஎம். உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுக்கப்பட்டிருக்கும் அளவு 300. அரை வாளி, அதாவது ஐந்து லிட்டர், சிந்தினால் 8,500. 5,000ஐத் தாண்டிய காற்றில் மூச்சே நின்றுபோகும், அங்கே நிமிடக் கணக்கில்தான் உயிர். இவை அறை முழுவதற்குமான சராசரி. கசியும் வால்வுக்கு முன்னால் குனிந்து நிற்பவனுடைய முகத்தருகே இருக்கும் அளவு இதைப்போல் பல மடங்கு. இதே கணக்கில் ஏறத்தாழ 90 லிட்டர் திரவம் ஆவியானால் அறைக் காற்றில் 15 விழுக்காடு அம்மோனியா சேரும், தீப்பொறி கிடைத்தால் பற்றிக்கொள்ளும் எல்லை அங்கே தொடங்குகிறது. திரவ அம்மோனியாவைத் தேக்கிவைக்கும் நம் ரிசீவர் தொட்டிகளில் இருப்பதோ அதைவிட எவ்வளவோ அதிகம்.

அம்மோனியா வாயு காற்றைவிட லேசானது, மேலே போய்விடும் என்று பயிற்சி வகுப்பில் சொல்வார்கள். பாடப்படி சரிதான். ஆனால் திரவமாகப் பீறிட்டு வரும்போது அது காற்றின் ஈரத்தோடு சேர்ந்து குளிர்ந்த வெண்பனியாகித் தரையோடு தவழும். முழங்காலளவு பனிக்குள் விழுந்தவன் எழுந்து நின்றால்தான் பிழைப்பான், எழும் நிலையில் அவன் இருக்கமாட்டான் என்பதுதான் துயரம்.

அது உடம்பை என்ன செய்கிறது என்பதையும் வெளிப்படையாக எழுதுகிறேன். அம்மோனியாவுக்கு நீர் மேல் அடங்காத தாகம். அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீர் சுமார் 700 லிட்டர் வாயுவைக் கரைத்துக்கொள்ளும். உடம்பில் ஈரம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம், கண்ணிலும் தொண்டையிலும் நுரையீரலிலும் வியர்த்த அக்குளிலும், அது கரைந்து கடுங்காரமாகிறது. அமிலம் பட்ட இடத்தில் சதை வெந்து கெட்டியாகி, மேற்கொண்டு இறங்குவதைத் தானே ஓரளவு தடுக்கும். காரம் அப்படியில்லை. சதையில் உள்ள கொழுப்பைச் சோப்பாக்கிக் கரைத்துக்கொண்டு உள்ளே உள்ளே போகும். கண்ணில் பட்டால் கருவிழியைத் தாண்டி உள்ளே இறங்க அதிக நேரம் எடுக்காது. வாயு தாக்கிய கணத்தில் கண்கள் தாமாக இறுக மூடிக்கொள்ளும், குரல்வளை இறுகும், மூச்சும் குரலும் வராது. நன்றாகத் தெரிந்த அறையில்கூட வாசல் எந்தப் பக்கம் என்று தெரியாது. அந்த நிலையில் ஒருவன் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்வான் என்று எதிர்பார்த்துத்தான் "ஒருவர் போதும்" என்ற முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது.

நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். பதினொரு ஆண்டுகளுக்கு முன், இரவு இரண்டரை மணி. என்னுடன் ஷிப்டில் இருந்த தம்பி, தாழ் அழுத்தப் பாத்திரத்தின் அடியிலிருந்து ஆயில் வடிக்கப் போனான். கம்ப்ரசரிலிருந்து அடித்துக்கொண்டு வரும் ஆயில் அம்மோனியாவில் கரையாது. கனமானதால் அடியில் போய்த் தங்கும். அதை வாரம் ஒருமுறை வடித்தாக வேண்டும், எல்லா ஆலைகளிலும் நடக்கும் சாதாரண வேலை இது. குளிரில் இறுகிய ஆயில் கறுப்பாக, தேனைவிட மெதுவாக வந்திருக்கிறது. அவன் வால்வை இன்னும் ஒரு சுற்றுத் திறந்திருக்கிறான். அடைத்துக்கொண்டிருந்த ஆயில் கட்டி விலகியதும் அதற்குப் பின்னாலிருந்த திரவ அம்மோனியா வாளியில் விழுந்து பொங்கித் தெறித்தது. கைச்சக்கரத்தில் உறைபனி ஏறிவிட்டது, அவனால் திருப்பி மூட முடியவில்லை.

நான் இருபது மீட்டர் தள்ளி, லாக் புக்கில் சக்ஷன் அழுத்தத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன். வாளி உருளும் சத்தம் கேட்டது. அவன் கத்தியது கேட்கவில்லை, ஏனெனில் அவனால் கத்த முடியவில்லை. திரும்பிப் பார்த்தபோது தரை தெரியவில்லை. சிலிண்டர் பொருத்திய சுவாசக் கருவி அறைக்கு வெளியே நடைபாதையில் இருந்ததால் எடுக்க முடிந்தது. மாதந்தோறும் போட்டுப் பழகியிருந்ததால் ஒரு நிமிடத்துக்குள் மாட்டிக்கொண்டேன். அவன் வாசலுக்கு எதிர்த்திசையில் சுவரைத் தடவிக்கொண்டு தவழ்ந்துகொண்டிருந்தான். இழுத்து வெளியே போட்டு, அவசரக் குளியல் குழாய்க்கடியில் கிடத்தி, சட்டையைக் கிழித்தெறிந்து, ஆம்புலன்ஸ் வரும்வரை இரண்டு கண்களையும் விரலால் பிரித்துப் பிடித்துத் தண்ணீர் விட்டேன். அவன் பிழைத்தான். இடது கண்ணில் பார்வை திரும்பவில்லை. இன்றும் இரண்டு மாடி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறான்.

அந்த இரவில் நான் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். இழுத்துப்போட ஆள் இல்லை, கண்ணைப் பிரித்துத் தண்ணீர் விட ஆள் இல்லை, வால்வை மூடவும் தகவல் சொல்லவும் ஆள் இல்லை. காலை ஆறு மணி ஷிப்டுக்கு வருகிறவர் கதவைத் திறந்திருப்பார், அவரும் விழுந்திருப்பார். கையை எடுத்தால் தானே மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வால்வு ஒன்று அந்த டிரெயின் குழாயில் இருந்திருந்தால் அந்த விபத்தே நடந்திருக்காது. மறு மாதமே அதைப் பொருத்தினார்கள். ஒரு சாதாரணப் பழுதுபார்ப்புக்கு ஆகும் செலவைத் தாண்டவில்லை.

இது எங்கள் ஓர் ஆலையின் கதை மட்டுமில்லை. கனடாவின் ஃபெர்னி நகரப் பனிச்சறுக்கு அரங்கில் 2017 அக்டோபர் 17 அன்று அம்மோனியா கசிந்து மூன்று பேர் இறந்தார்கள். குளிர்விப்பானின் குழாய் கசிகிறது என்பது முன்பே தெரிந்திருந்தும் அது மீண்டும் ஓட்டப்பட்டது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் தியோடர் என்னும் ஊரில் இருந்த ஒரு குளிர்பதனக் கிடங்கில், 2010 ஆகஸ்ட் 23 அன்று, பல மணி நேர மின்தடைக்குப் பிறகு இயந்திரங்களை மீண்டும் இயக்கியபோது குழாய்க்குள் ஏற்பட்ட அழுத்த அதிர்ச்சியில் கூரைமேல் சென்ற குழாய் உடைந்தது. 14 டன்னுக்கும் மேல் அம்மோனியா வெளியேறி, 150க்கும் மேற்பட்டோரைப் பாதித்தது. சீனாவின் ஷாங்காயில் 2013 ஆகஸ்ட் 31 அன்று ஒரு கிடங்கில் குழாயின் முனை மூடி கழன்று 15 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூன் 3 அன்று அந்நாட்டின் டெஹுய் நகரில் கோழி இறைச்சி ஆலையில் பற்றிய தீயிலும் அதில் வெடித்துக் கசிந்த அம்மோனியாவிலும் 121 பேர் மாண்டார்கள். பூட்டிக் கிடந்த கதவுகள் பலரை வெளியே வரவிடவில்லை. இவற்றில் மின்தடைக்குப் பின் மீண்டும் இயக்குவது என்பது எங்களுக்கு மாதத்தில் சில முறை நேரும் வேலை. ஒருவர் பேனலில் நிற்க மற்றொருவர் வால்வுகளை நேரில் போய்ப் பார்த்துச் சொல்லும் வேலை அது. அந்த இரண்டாவது ஆளைத்தான் சுற்றறிக்கை நீக்குகிறது.

முகமூடி இருக்கிறதே என்று கேட்பீர்கள். அலமாரியில் இருப்பவை பெரும்பாலும் கேனிஸ்டர் மாஸ்க்குகள், அதாவது காற்றை வடிகட்டும் டப்பா பொருத்திய முகமூடிகள். அவை குறைந்த அளவு வாயுவிலிருந்து தப்பி ஓடுவதற்கு உதவும், வெண்பனிக்குள் நுழைந்து ஒருவரை மீட்பதற்கு உதவா. கேனிஸ்டருக்குக் காலாவதித் தேதி உண்டு. எங்கள் அலமாரியில் சென்ற வாரம் நான் எடுத்துப் பார்த்த நான்கில் மூன்று அந்தத் தேதியைக் கடந்தவை. உள்ளே நுழைய வேண்டுமானால் காற்றுச் சிலிண்டருடன் கூடிய சுவாசக் கருவி இரண்டு தேவை, அணிந்து பழகிய இருவரும் தேவை. அவசரக் குளியல் குழாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. தம்பியைக் கிடத்திய அதே குழாயின் முன் இன்று அட்டைப்பெட்டிகள் என் தோளுயரத்துக்கு அடுக்கப்பட்டிருக்கின்றன. மூன்று முறை எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்னும் எடுக்கப்படவில்லை.

செலவு கூடுகிறது என்பதும், மின்கட்டணம் ஏறியிருக்கிறது என்பதும், பதினொரு ஆண்டுகளாகப் பெரிய விபத்து எதுவும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அந்தப் பதினொரு ஆண்டுகளும் இரவில் இருவர் இருந்த ஆண்டுகள் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். சரிபார்ப்பு ஒப்பந்தத்தை நிறுத்துவதால் மிச்சமாகும் தொகையை எதனுடன் ஒப்பிட்டீர்கள் என்று சுற்றறிக்கையில் இல்லை. ஷாஃப்ட் சீல் கசிவை அன்று லாரி ஓட்டுநர் கண்டுபிடித்திராவிட்டால் எவ்வளவு அம்மோனியா வீணாகியிருக்கும், கிடங்கிலிருந்த எவ்வளவு சரக்கில் வாடை ஏறியிருக்கும் என்று கணக்குப் பார்த்தாலே அந்தத் தொகை பெரிதாகத் தெரியாது. மனிதரைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தாலும் இந்த முடிவு நியாயப்படவில்லை.

ஆகவே என் கோரிக்கைகளைத் தெளிவாக வைக்கிறேன். ஒற்றை ஆபரேட்டர் இரவு ஷிப்ட் என்ற முடிவை நடைமுறைக்கு வரும் முன்பே திரும்பப் பெறுங்கள். ஆயில் வடித்தல், வால்வு பிரித்தல், மின்தடைக்குப் பின் மீண்டும் இயக்குதல் ஆகிய மூன்று வேலைகளையும் இரவிலோ பகலிலோ யாரும் தனியாகச் செய்யக் கூடாது என்று எழுத்தில் ஆணையிடுங்கள். டிடெக்டர் சரிபார்க்கும் ஒப்பந்தத்தைப் புதுப்பியுங்கள். ஒவ்வொரு டிடெக்டரின் கீழும் கடைசியாகச் சரிபார்த்த தேதி எழுதப்பட்டிருக்க வேண்டும், 25 பிபிஎம்மில் அலாரம் அடிக்க வேண்டும், அந்த அலாரம் கம்ப்ரசர் அறைக்கு வெளியிலும் கேட்க வேண்டும். ஆயில் வடிக்கும் குழாய் ஒவ்வொன்றிலும் தானே மூடும் வால்வைப் பொருத்துங்கள். எங்கள் ஆலையிலேயே இன்னும் இரண்டு குழாய்களில் அது இல்லை. சேஃப்டி வால்வுகளை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது தொழிலில் ஏற்கப்பட்ட வழக்கம், உங்கள் ஆலையில் உள்ளவற்றின் தேதியை இந்த வாரமே பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு சுவாசக் கருவிகளைக் கம்ப்ரசர் அறைக்கு வெளியே, பூட்டில்லாத பெட்டியில், சிலிண்டர் நிரம்பிய நிலையில் வையுங்கள். மாதம் ஒருமுறை நாங்கள் அவற்றை அணிந்து பழக அரை மணி நேரம் கொடுங்கள். அந்த அரை மணி நேரத்தில், தரையில் தேங்கிய திரவ அம்மோனியாவின் மேல் தண்ணீரைப் பாய்ச்சக் கூடாது, பாய்ச்சினால் அது இன்னும் வேகமாக ஆவியாகும், பரவும் பனியின் மேல்தான் தண்ணீரைத் தூவ வேண்டும் என்பது போன்ற அடிப்படைகளைப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் சுமை தூக்குவோருக்கும் சொல்லிக்கொடுக்கலாம். அவர்களுக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. வெளியேறும் கதவுகள் எதுவும் எந்த ஷிப்டிலும் வெளியிலிருந்து பூட்டப்படக் கூடாது.

குளியல் குழாயின் முன் உள்ள பெட்டிகளை அகற்ற ஒப்பந்தமும் வேண்டாம், ஒப்புதலும் வேண்டாம். அதை இன்றே செய்யச் சொல்லுங்கள். மற்ற கோரிக்கைகளில் எவற்றை ஏற்கிறீர்கள், எவற்றை மறுக்கிறீர்கள், மறுப்பதற்குக் காரணம் என்ன என்பதை, சுற்றறிக்கை ஒட்டப்பட்ட அதே பலகையில் எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். புதிய ஷிப்ட் அட்டவணை அடுத்த மாதம் முதல் தேதி தொடங்குகிறது. பதில் அதற்கு முன் வேண்டும்.

இப்படிக்கு,
கம்ப்ரசர் அறை ஆபரேட்டர் ஒருவன்